பிரித்தானிய வெள்ளிக் கரண்டி முத்திரைகள்

பிரித்தானிய வெள்ளிக் கரண்டி முத்திரைகள் என்பன ஐக்கிய இராச்சியத்தில் செய்யப்பட்ட வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, கத்தி முதலிய உணவு மேசைக் கருவிகளின் மீது குத்தப்படும் சிறு குறிகள் ஆகும். வெள்ளியின் மாற்று, அது சோதிக்கப்பட்ட ஊர், சோதிக்கப்பட்ட ஆண்டு, அதற்குப் பொறுப்பான கொல்லர் ஆகியவற்றை இவை காட்டுகின்றன. ஒரு குறி பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். எனினும் நான்கைந்து குறிகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர், இருநூறு ஆண்டு பழமையான ஒரு கரண்டி எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பட்டறையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட முடியும். பழம்பொருட்களில் இவ்வளவு துல்லியமாகக் காலங்கணிக்கத்தக்கவை மிகச் சிலவே.

இக்குறிகளைப் பொதுவாக 'ஹால்மார்க்' என்பர். தமிழகத்து நகைக்கடைகளில் இன்று அன்றாடம் வழங்கும் இச்சொல், இலண்டனில் உள்ள பொற்கொல்லர் மண்டபத்தின் பெயரிலிருந்து வந்தது. 'ஹால்' என்பது மண்டபம். 'மார்க்' என்பது குறி. மண்டபத்தில் குத்தப்பட்ட குறி என்பதே இதன் பொருள்.

தோற்றம்

1300 ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னன் காலத்துச் சட்டம் ஒன்று, நாணய வெள்ளியை விடக் குறைந்த மாற்றில் எந்த வெள்ளிப் பொருளும் செய்யப்படக் கூடாது என விதித்தது. தொழிற்குழுவின் காவலர்கள் பட்டறைகளுக்குச் சென்று பொருட்களைச் சோதித்து, தேறியவற்றின் மீது சிறுத்தைத் தலை முத்திரையைக் குத்த வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. (இது உண்மையில் நேர்முகமாகப் பார்க்கும் சிங்கத்தின் முகமே. பழைய மரபுச் சின்னவியலில் அவ்வாறு பார்க்கும் சிங்கத்தைச் சிறுத்தை என்று அழைத்ததால் இப்பெயர் நிலைத்துவிட்டது.) 1327 ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்டு மன்னன் இலண்டன் பொற்கொல்லர் குழுவுக்கு அரச பட்டயம் வழங்கினான். 1363 முதல் ஒவ்வொரு கொல்லரும் தமக்கெனத் தனிக் குறி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. எழுத்தறிவு அருகியிருந்த காலமாதலால் தொடக்ககாலக் குறிகள் பெரும்பாலும் படங்களாகவே இருந்தன.

1478 ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். சோதனை பொற்கொல்லர் மண்டபத்திலேயே நடைபெறத் தொடங்கியதும், ஆண்டைக் குறிக்கும் எழுத்து குத்தப்படத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. இவ்வெழுத்து பிற்காலச் சேகரிப்பாளர்களுக்கு உதவுவதற்காக ஏற்படுத்தப்பட்டது அன்று. மாற்றுக் குறைந்த பொருள் ஒன்று பின்னாளில் பிடிபட்டால், அதைத் தேறியது என்று முத்திரையிட்ட அதிகாரி யார் என்று கண்டறிவதே அதன் நோக்கம். கொல்லரை மட்டுமன்றி, கொல்லரைச் சோதித்தவரையும் பொறுப்பாக்கியதால்தான் இம்முறை மக்களின் நம்பிக்கையைப் பெற்றது எனலாம்.

மாற்றும் சோதனையும்

இங்கிலாந்தின் வழக்கமான வெள்ளி 'ஸ்டெர்லிங்' எனப்படும். இதில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பும் இருக்கும். இந்த எண் பழைய திராய் நிறையிலிருந்து வந்தது. ஒரு திராய் இறாத்தலுக்கு 12 அவுன்சு. ஒரு அவுன்சுக்கு 20 பென்னிவெயிட். ஆக ஓர் இறாத்தலுக்கு 240 பென்னிவெயிட். ஓர் இறாத்தல் உலோகத்தில் 11 அவுன்சு 2 பென்னிவெயிட், அதாவது 222 பென்னிவெயிட், தூய வெள்ளியாக இருக்க வேண்டும் என்பது விதி. 222 ஐ 240 ஆல் வகுத்தால் 0.925 கிடைக்கும். தூய வெள்ளி மென்மையானது. அதில் செய்த கரண்டி எளிதில் வளைந்துவிடும். எனவே செம்பு சேர்ப்பது ஏமாற்று வேலை அன்று, தேவையே. எவ்வளவு சேர்க்கலாம் என்பதில்தான் சட்டம் தலையிட்டது.

சோதனைக்காகப் பொருளிலிருந்து துளியளவு வெள்ளியைச் சுரண்டி எடுப்பர். அதை நிறுத்து, ஈயத்துடன் சேர்த்து, எலும்புச் சாம்பலால் ஆன சிறு குப்பியில் இட்டு உலையில் வைப்பர். ஈயமும் செம்பும் காற்றுடன் வினைபுரிந்து சாம்பலுக்குள் உறிஞ்சப்பட, தூய வெள்ளி மட்டும் ஒரு மணியாக எஞ்சும். முதல் நிறைக்கும் மணியின் நிறைக்கும் உள்ள வேறுபாடே கலப்பின் அளவு. நம் நாட்டில் புடமிடுதல் என வழங்குவதும் இந்த அடிப்படையில் அமைந்ததே. தேறாத பொருட்கள் உடைத்து நசுக்கப்பட்டு உரியவரிடம் திருப்பித் தரப்பட்டன. இன்று எக்சு-கதிர் ஒளிர்வு முறையும் பயன்படுகிறது.

அடிப்படை முத்திரைகள்

ஒரு பழைய இலண்டன் கரண்டியைக் கையில் எடுத்தால் அதில் முதலில் தேட வேண்டியது நடக்கும் சிங்கம். இடப்பக்கம் நோக்கி, ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் இச்சிங்கமே ஸ்டெர்லிங் மாற்றின் அடையாளம். எட்டாம் என்றி மன்னன் நாணயங்களின் மாற்றை வெகுவாகக் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1544 இல் இது வழக்கிற்கு வந்தது. அரசனின் நாணயம் தரம் தாழ்ந்தாலும் கொல்லரின் பாத்திரம் தாழவில்லை என்று காட்ட வேண்டிய நிலை அப்போது இருந்தது. 1821 வரை இலண்டன் சிங்கம் முகத்தைத் திருப்பிப் பார்ப்பவரை நோக்கும்; அதன்பின் பக்கவாட்டு முகமாக மாறிற்று. அதே ஆண்டில் சிறுத்தைத் தலையும் தன் முடியை இழந்தது. முடியுள்ள சிறுத்தை, முடியற்ற சிறுத்தை என்ற இந்த ஒரு வேறுபாடே பல கரண்டிகளின் காலத்தை இரண்டாகப் பிரித்துவிடும்.

1697 முதல் 1720 வரை ஓர் இடைவெளி உண்டு. வெள்ளி நாணயங்களின் ஓரத்தைச் சீவியும் நாணயங்களை உருக்கியும் பாத்திரம் செய்வது மிகுந்ததால், நாணயத்தை விட உயர்ந்த மாற்று பாத்திரங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இதன்படி ஓர் இறாத்தலில் 11 அவுன்சு 10 பென்னிவெயிட் வெள்ளி இருக்க வேண்டும். அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 958 பங்கு. நாணயத்தை அப்படியே உருக்கினால் இம்மாற்று கிட்டாது என்பதே இதன் சூழ்ச்சி. இக்காலப் பொருட்களில் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் மாற்றாக, அமர்ந்த பெண்ணாகிய பிரித்தானியா உருவமும் கழுத்தில் கிழிந்த சிங்கத் தலையும் காணப்படும். 1720 இல் ஸ்டெர்லிங் மீண்டது; உயர்ந்த மாற்று விருப்பத்துக்குரியதாகத் தொடர்ந்தது. ஆகவே பிரித்தானியா உருவத்தைக் கண்டவுடன் 1697–1720 என முடிவு செய்தல் தவறு. பின்னாளிலும் அம்மாற்றில் பொருட்கள் செய்யப்பட்டன, இன்றும் செய்யப்படுகின்றன.

ஊர் முத்திரைகள் நினைவில் நிறுத்த எளியவை. இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்கு மூன்று கோபுரக் கோட்டை, டப்ளினுக்கு முடியணிந்த யாழ். செஃபீல்டுக்கு 1974 வரை முடியும் 1975 முதல் உரோசாப்பூவும். கிளாஸ்கோவின் முத்திரையில் ஒரு மரம், பறவை, மணி, மீன் ஆகியன ஒன்றாக இருக்கும். செஸ்டருக்கு வாளும் மூன்று கோதுமைக் கட்டுகளும். நியூகாசிலுக்கு மூன்று கோட்டைகள். எக்சிட்டர் நிலையம் 1883 இலும், நியூகாசில் 1884 இலும், செஸ்டர் 1962 இலும், கிளாஸ்கோ 1964 இலும் மூடப்பட்டன. ஐக்கிய இராச்சியத்தில் இன்று எஞ்சியுள்ளவை இலண்டன், பர்மிங்காம், செஃபீல்டு, எடின்பரோ ஆகிய நான்குமே. இசுக்கொட்லாந்துப் பொருட்களில் நடக்கும் சிங்கத்தைத் தேடிப் பயனில்லை. எடின்பரோவில் 1759 முதல் முட்செடிப் பூவும், கிளாஸ்கோவில் 1819 முதல் பின்காலில் எழுந்து நிற்கும் சிங்கமும் மாற்றைக் காட்டின.

கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள பர்மிங்காமுக்கு நங்கூரம் எப்படி வந்தது என்பது பலரும் கேட்கும் கேள்வி. அவ்வூரின் தொழிலதிபர் மாத்தியூ போல்டன் தம் பொருட்களைச் சோதனைக்காகத் தொலைவூர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உள்ளூரிலேயே சோதனை நிலையம் வேண்டும் என அவரும் செஃபீல்டு கொல்லர்களும் நாடாளுமன்றத்தில் வாதாடி, 1773 இல் வென்றனர். அப்போது அவர்கள் கூடிப் பேசிய இலண்டன் விடுதியின் பெயர் 'முடியும் நங்கூரமும்' என்றும், அதிலிருந்து ஆளுக்கொரு சின்னத்தை எடுத்துக்கொண்டனர் என்றும் மரபுவழிக் கதை கூறும்.

செய்தவர் முத்திரை

1697 க்கும் 1720 க்கும் இடையில் கொல்லரின் குடும்பப் பெயரின் முதலிரண்டு எழுத்துகள் குறியாயின. 1739 முதல், இயற்பெயர், குடும்பப் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கொண்ட புதிய குறிகளை, முன்பிருந்ததினின்று வேறான எழுத்து வடிவத்தில் பதிவு செய்யுமாறு அனைவரும் பணிக்கப்பட்டனர். இலண்டன் பதிவேடுகள் 1697 முதல் கிடைக்கின்றன. ஆயினும் இடையில் சில தொகுதிகள் தொலைந்துவிட்டன. அவற்றுள் 1758 முதல் 1773 வரையிலான பெருங்கொல்லர் பதிவேடு முக்கியமானது. அக்காலத்துக் குறிகள் பலவற்றுக்கு உரியவர் யார் என்பது ஊகமாகவே நிற்பதற்கு இதுவே காரணம்.

கரண்டிக் கொல்லர்களுள் எசுத்தர் பேட்மன் நன்கறியப்பட்டவர். கணவர் 1760 இல் இறந்தபின், எழுதப் படிக்கத் தெரியாத இக்கைம்பெண் 1761 இல் தம் குறியைப் பதிவு செய்து, 1790 வரை பட்டறையை நடத்தினார். அவருடைய பெயரின் இரு முதலெழுத்துகளும் சாய்ந்த கையெழுத்து வடிவில் இருக்கும். அக்குறியுள்ள கரண்டிக்கு இன்று சந்தையில் கூடுதல் விலை உண்டு. ஆனால் இக்குறியை 'செய்தவர்' குறி என்பது ஓரளவுக்கே சரி. சோதனைக்கு அனுப்பிப் பொறுப்பேற்றவர் யார் என்பதையே அது காட்டுகிறது. பட்டறையில் கரண்டியை அடித்தவர் பெயர் தெரியாத கூலித் தொழிலாளியாகவும் இருக்கலாம். கடைக்காரர் ஒருவர் கொல்லரின் குறி மீது தம் குறியைக் குத்தியிருக்கவும் கூடும்.

ஆண்டெழுத்தைப் படித்தல்

பிழை மலிந்த இடம் இதுவே. இலண்டனில் ஒரு சுற்றுக்கு இருபது எழுத்துகள். ஆங்கில நெடுங்கணக்கில் பத்தாம் எழுத்தும் இறுதி ஐந்தும் விலக்கப்படும். சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் விளிம்பும் மாற்றப்பட்டு மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்கும். ஆகவே ஓர் எழுத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். எழுத்தை மட்டும் கண்டு ஆண்டைச் சொல்ல இயலாது.

'என்' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். இது சுற்றின் பதின்மூன்றாவது எழுத்து. இலண்டன் சுற்றுகள் 1736, 1756, 1776, 1796, 1816, 1836, 1856, 1876, 1896, 1916 ஆகிய ஆண்டுகளில் தொடங்கின. எனவே 1748 இல் தொடங்கி ஒவ்வோர் இருபது ஆண்டிலும், அதாவது 1768, 1788, 1808 என்று 1928 வரை, 'என்' வந்துள்ளது. ஒரு கரண்டியில் சிறிய 'என்' எழுத்து சாதாரண உரோமன் வடிவில் இருந்தால் 1748, 1788, 1828, 1908 ஆகியவை மட்டும் எஞ்சும். 1868, 1928 ஆகிய ஆண்டுகளின் சிறிய எழுத்து கோணல்மாணலான கோதிக் வடிவம் கொண்டது. இனி மற்ற குறிகளை நோக்க வேண்டும். சிறுத்தைக்கு முடி இல்லையெனில் 1748 உம் 1788 உம் கழிந்தன. அரசர் தலை ஒன்றும் இருந்தால் 1908 கழிந்தது. விடை 1828. மாறாக, சிறுத்தைக்கு முடி இருந்து அரசர் தலை இல்லையெனில் 1748. இரண்டும் இருந்தால் 1788. ஒரு குறி மற்றொரு குறிக்குச் சாட்சி சொல்லும் முறை இது. சாட்சிகள் முரண்பட்டால் ஐயுற வேண்டும்.

பெரிய 'என்' உரோமன் வடிவில் இருந்து, முடியுள்ள சிறுத்தையும் வலம் நோக்கிய அரசர் தலையும் உடன் இருந்தால் ஆண்டு 1808. அதே கரண்டியில் மும்முறை 'டபிள்யூ' வரும் ஆறெழுத்துக் குறி இருந்தால் இன்னும் உறுதி. வில்லியம் ஈலி, வில்லியம் ஃபியர்ன், வில்லியம் சானர் என்னும் மூன்று கரண்டிக் கொல்லர்கள் கூட்டாக அக்குறியைப் பதிவு செய்தது 1808 இலேயே.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1660 முதல் 1974 வரை இலண்டனில் எழுத்து மாறியது சனவரியில் அன்று, மே மாதத்தில். எனவே 1808 என்பது துல்லியமாகச் சொன்னால் 1808–1809. பர்மிங்காமில் சூலை மாதத்தில் மாற்றினர். செஃபீல்டில் 1773 முதல் 1823 வரை எழுத்துகள் நெடுங்கணக்கு வரிசையில் வரவே இல்லை. அட்டவணையின்றி அவற்றைப் படிக்க முடியாது. மேலும் அங்கு 1780 முதல் 1853 வரை கரண்டி போன்ற சிறு பொருட்களில் முடியையும் எழுத்தையும் ஒரே அச்சில் சேர்த்துக் குத்தினர். முதலில் ஊரைக் கண்டு, பின்னரே அவ்வூரின் அட்டவணையைத் திறக்க வேண்டும். இலண்டன் அட்டவணையில் பர்மிங்காம் எழுத்தைத் தேடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1975 சனவரி முதல் எல்லா நிலையங்களும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கின. 1999 முதல் ஆண்டெழுத்து கட்டாயமன்று; 925 போன்ற எண்ணே கட்டாயம்.

வரி முத்திரை

1784 திசம்பர் முதல் நாளன்று வெள்ளிப் பொருட்கள் மீது அவுன்சுக்கு ஆறு பென்சு வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தப்பட்டதற்குச் சான்றாக ஆளும் அரசரின் தலை குத்தப்பட்டது. 1890 இல் வரி நீங்கியதும் தலையும் நீங்கிற்று. எனவே அரசர் தலை இருந்தால் அப்பொருள் 1784 க்கும் 1890 க்கும் இடைப்பட்டது என்பது பொது விதி. முதல் ஒன்றரை ஆண்டு, அதாவது 1786 மே வரை, மூன்றாம் சார்ச்சின் தலை இடப்பக்கம் நோக்கியும், குழிவாகவும் இருந்தது. பின்னர் வலப்பக்கம் நோக்கிய புடைப்புருவாயிற்று. குழிவான தலையுள்ள இலண்டன் கரண்டியில் 'ஐ' அல்லது 'கே' எழுத்தே இருக்க வேண்டும். நான்காம் சார்ச்சும் நான்காம் வில்லியமும் வலம் நோக்கினர். விக்டோரியா இடம் நோக்கினார். 1797 இல் வரி இருமடங்கானபோது செஃபீல்டு போன்ற நிலையங்களில் சில மாதங்கள் தலையை இருமுறை குத்தினர். பின்னாளில் வந்த நினைவு முத்திரைகளை இத்தலையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1935 ஆம் ஆண்டு வெள்ளிவிழாவுக்காகக் குத்தப்பட்டதில் ஐந்தாம் சார்ச், மேரி அரசி ஆகிய இருவரின் தலைகளும் உள்ளன.

முத்திரை இருக்கும் இடமும் கரண்டியின் வடிவமும்

ஏறத்தாழ 1780 வரை முத்திரைகளைக் காம்பின் குறுகிய பகுதியில், குழிக்கு அருகில், ஒன்றிலிருந்து ஒன்று சற்று விலக்கிக் குத்தினர். மெல்லிய காம்பில் ஓங்கிக் குத்தியதால் அவ்விடம் சப்பையாகிவிடும். கொல்லர் அதை மீண்டும் அடித்து அரம் போட்டுச் சீர்செய்யும்போது முத்திரைகள் நசுங்கியும் நீண்டும் போயின. அக்காலக் கரண்டிகளில் ஆண்டெழுத்து படிக்க முடியாமல் இருப்பது இதனாலேயே. தேய்மானம் மட்டுமே காரணமன்று. பின்னர் காம்பின் அகன்ற முனைக்கு அருகே, நெருக்கமான வரிசையில் குத்தத் தொடங்கினர். தேநீர்க் கரண்டி போன்ற சிறியவற்றில் அக்காலம் வரை சிங்கமும் செய்தவர் குறியும் மட்டுமே இருப்பது வழக்கம். அதனால் மட்டும் அவற்றைப் போலி எனத் தள்ளிவிடக் கூடாது.

எழுத்து அழிந்த கரண்டிக்கு வடிவமே துணை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காம்பின் முனை மூன்று இதழாகப் பிளந்திருக்கும். ஏறத்தாழ 1710 முதல் 1770 வரை வழங்கிய அனோவர் வடிவத்தில் காம்பின் முனை மேல்நோக்கி வளையும். அதன் தொடக்ககாலக் கரண்டிகளின் குழியின் பின்புறத்தில் எலிவால் போன்ற ஒரு முகடு ஓடும். 1760 களில் பரவிய பழைய ஆங்கில வடிவத்தில் முனை கீழ்நோக்கி வளையும். இம்மாற்றம் வெறும் அழகுக்கானது அன்று; மேசையில் கரண்டி வைக்கும் முறையோடு தொடர்புடையது. அனோவர் கரண்டியைக் குழி கீழே கவிழ்ந்திருக்க வைத்தனர். எனவே குடும்பச் சின்னத்தைக் காம்பின் பின்புறம் செதுக்கினர். பழைய ஆங்கிலக் கரண்டியை மல்லாத்தி வைத்தனர். சின்னம் முன்புறம் வந்தது. அனோவர் கரண்டியின் முன்புறத்தில் சின்னம் இருந்தால் அது பிற்காலத்து உரிமையாளர் சேர்த்தது என ஐயுறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காம்பின் முனை வயலினைப் போல் தோள் விரிந்த வடிவமும், அதன்பின் சங்கு, பூவேலைகள் நிறைந்த அரசர் வடிவமும் பெருவழக்காயின.

முள்கரண்டி இங்கிலாந்தில் பிந்தியே பரவியது. முத்திரையுள்ள ஆங்கில மேசை முள்கரண்டிகளில் மிகப் பழையதாக அறியப்படுவது 1632 ஆம் ஆண்டினது. அது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் மூன்று முட்களும் பின்னர் நான்கு முட்களும் வழக்கமாயின. பழைய மூன்று முள் கரண்டிகள் அதே காலத்துக் குழிக்கரண்டிகளைவிட அரிதானவை. போலிகள் தோன்றியதும் இங்கேதான்.

கத்திகள் தனி வகை. பிடி மட்டுமே வெள்ளி. அதுவும் மெல்லிய தகட்டை இரு பாதியாக அழுத்தி ஒட்டி, உள்ளே குங்கிலியம் போன்ற பிசின் நிரப்பப்பட்டது. முத்திரைகள் எளிதில் தேய்ந்துவிடும். அலகு துருப்பிடிக்காத எஃகாயின் அது, செஃபீல்டில் ஆரி பிரியர்லி அவ்வெஃகை உருவாக்கிய 1913 க்குப் பிற்பட்டது. ஆனால் பிடி பழையதாகவும் அலகு மட்டும் பின்னர் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம்.

போலிகளும் மாற்றங்களும்

முத்திரையைப் போலியாகச் செய்தல் ஒரு காலத்தில் மரணதண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1773 இல் அது பதினான்கு ஆண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. இவ்வளவு கடுமை ஏன் என இன்றைய வாசகர் வியக்கக் கூடும். வெள்ளிப் பாத்திரம் அக்காலக் குடும்பங்களின் சேமிப்பு; நெருக்கடியில் உருக்கிக் காசாக்கத்தக்கது. அதன் முத்திரையைப் போலி செய்தவன் நாணயத்தைப் போலி செய்தவனுக்கு ஒப்பானவன்.

உண்மையான முத்திரை எஃகு அச்சைச் சுத்தியலால் அடித்துப் பதிப்பது. விளிம்புகள் கூர்மையாக இருக்கும். பழைய கரண்டி ஒன்றை அச்சாகக் கொண்டு வார்த்த போலியில் விளிம்புகள் மழுங்கி, முத்திரையின் உட்பரப்பில் நுண்ணிய குழிகள் தென்படும். கைப்பெருக்கி ஒன்று இதற்குப் போதும். ஒரு தொகுதியில் உள்ள பழைய கரண்டிகளை அருகருகே வைத்து நோக்குவது இன்னும் நல்ல வழி. தனித்தனி அச்சுகளைக் கையால் குத்தியிருந்தால், எந்த இரு கரண்டியிலும் முத்திரைகளின் இடைவெளியும் சாய்வும் முற்றிலும் ஒத்திரா. ஒரே கீறல், ஒரே சாய்வு பன்னிரண்டிலும் இருந்தால் அவை ஒரே மூலத்திலிருந்து வார்க்கப்பட்டவை. பல அச்சுகளை ஒரே கட்டையில் பொருத்திக் குத்திய பிற்காலத்து வரிசைகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

வார்ப்பைவிட அடிக்கடி காணப்படுவது வடிவமாற்றம். விலை குறைந்த, குழி தேய்ந்த பழைய கரண்டியின் குழியை வெட்டி முட்களாக்கி, அரிய மூன்று முள் கரண்டியாக விற்பர். முத்திரை உண்மையானது, பொருள்தான் பொய். அத்தகைய முட்கள் மெல்லியவையாகவும், காம்புடன் சேருமிடம் இயல்புக்கு மாறாகவும் இருக்கும். விக்டோரியா காலத்தில் பழைய வெறுங்கரண்டிகளில் பழங்களும் இலைகளும் புடைக்கச் செய்து பொன்முலாம் பூசி 'பழக்கரண்டி' ஆக்கியதும் பெருவழக்கு. 1790 ஆம் ஆண்டு முத்திரை அக்கரண்டிக்குப் பொருந்தும்; அதன் வேலைப்பாட்டுக்குப் பொருந்தாது.

குழியின் நுனியையும் காண வேண்டும். வலக்கையால் பயன்படுத்திய கரண்டியின் நுனி, தட்டில் உரசி உரசி இடப்பக்கமாகத் தேய்வது இயல்பு. காம்பின் ஓரிடம் மட்டும் மெலிந்து, மூச்சை ஊதினால் நிழலாக ஏதோ தெரியுமாயின், பழைய சின்னம் ஒன்று அங்கிருந்து அரத்தால் நீக்கப்பட்டுள்ளது. மெருகுப் பொடியால் ஓயாமல் தேய்ப்பதும் முத்திரைகளை மெல்ல அழித்துவிடும். பளபளப்புக்காகச் செய்யும் இவ்வேலையால் சான்றை இழந்த கரண்டிகள் போலியாளர்களால் கெட்டவற்றைவிட மிகுதி என்றே கொள்ளலாம்.

வெள்ளி முலாம்

1840 இல் பர்மிங்காமின் எல்க்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையின் மீது வெள்ளி பூசிய கரண்டிகள் அதன்பின் பெருமளவில் வந்தன. அவற்றின் மீது 'ஈ', 'பி', 'என்', 'எஸ்' ஆகிய நான்கு எழுத்துகளை, தனித்தனிக் கேடயங்களுக்குள், கோதிக் வடிவில் குத்துவது வழக்கம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது நான்கு முத்திரைகளாகவே தோன்றும். பாட்டன் காலத்து வெள்ளி என்று பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பல தொகுதிகளின் உண்மை, இந்நான்கு எழுத்துகளைப் படித்தவுடன் வெளிப்பட்டுவிடும். நடக்கும் சிங்கம் போன்ற மாற்று முத்திரை இல்லாத ஆங்கிலக் கரண்டியை, வேறு சான்று கிடைக்கும்வரை வெள்ளியாகக் கருதாதிருப்பதே பாதுகாப்பானது.

பிற நாடுகளும் இந்தியாவும்

பிரித்தானிய முறையைப் பிற நாட்டுப் பொருட்களில் தேடக் கூடாது. பிரான்சில் 1838 முதல் மினர்வா தேவியின் தலையே மாற்றைக் காட்டுகிறது. செருமனியில் 1888 முதல் பிறையும் முடியும், உடன் 800 போன்ற எண்ணும் வழங்கின. அமெரிக்காவில் 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லே போதுமானதாயிற்று. அங்கு நாடு தழுவிய ஆண்டெழுத்து கிடையாது.

பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவில் ஐரோப்பியக் குடியிருப்போருக்காக வெள்ளிக் கரண்டிகள் பெருமளவில் செய்யப்பட்டன. கல்கத்தாவின் ஆமில்டன் நிறுவனம், சென்னையின் பி. ஓர் அண்டு சன்ஸ் ஆகியவை இதில் பெயர்பெற்றவை. பின்னதன் இந்துத் தெய்வ உருவங்கள் புடைத்த வேலைப்பாடு 'சுவாமி' வகை என்றே அழைக்கப்பட்டது. இங்கு அரசு சார்ந்த சோதனை நிலையம் அக்காலத்தில் இல்லை. ஆகவே இக்கரண்டிகளில் நிறுவனத்தின் பெயரோ முதலெழுத்துகளோ, சிலவற்றில் யானை போன்ற உருவங்களோ இருக்கும். இவை நிறுவனத்தின் சொந்தக் குறிகளே. மாற்றுக்கு அரசு அளித்த உறுதி அல்ல. இவற்றில் தனி எழுத்து ஒன்று காணப்பட்டாலும் அதை இலண்டன் அட்டவணையில் வைத்து ஆண்டு கணித்தல் ஆகாது. இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரைத் திட்டம் தங்கத்துக்கு 2000 இலும் வெள்ளிக்கு 2005 இலும் தொடங்கியது.